அயனெஸ்கோவின் ‘நாற்காலிகள்’ பெங்களூர் வெள்ளத்துக்கு நடுவே: எத்தனை நாற்காலி, எந்தக் கதவு, யார் பேச்சாளர்?

அல்சூர்_மேடை:
எல்லோருக்கும் வணக்கம். யூஜின் அயனெஸ்கோவின் ‘நாற்காலிகள்’ நாடகத்தை பெங்களூர்ச் சூழலுக்கு மாற்றித் தமிழில் போடப்போகிறோம். படிக்காதவர்களுக்காக: 95 வயதுக் கிழவரும் 94 வயதுக் கிழவியும் நாலாபக்கமும் தண்ணீர் சூழ்ந்த வீட்டில் இருக்கிறார்கள். உலகத்துக்குச் சொல்லக் கிழவரிடம் ஒரு செய்தி இருக்கிறது. அதைக் கேட்கக் கர்னலிலிருந்து கடைசியில் சக்கரவர்த்தி வரை விருந்தாளிகள் வந்துகொண்டே இருக்கிறார்கள், ஆனால் ஒருவரும் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவர்களுக்காகப் போடும் நாற்காலிகள் மட்டும் தெரியும். கடைசியில் செய்தியைச் சொல்ல அமர்த்தப்பட்ட பேச்சாளர் வருகிறார். அவருக்குப் பேச்சு வராது.

எங்கள் வடிவத்தில் தீவுக்குப் பதில் சர்ஜாபூர் ரோடு பக்கத்து அபார்ட்மென்ட். 2022 செப்டம்பரில் டிராக்டரிலும் படகிலும் ஜனங்களை ஏற்றிக் கொண்டுபோன அந்த வாரம். கீழ்த்தளம் முழுகிவிட்டது, மின்சாரம் இல்லை, மூன்றாவது மாடி கூட்ட அறையில் இந்த இருவர். அசோசியேஷன் கூட்டத்துக்குப் போடும் பிளாஸ்டிக் நாற்காலிகள்தான் நாற்காலிகள்.

மேடை 30 அடி அகலம், 20 அடி ஆழம் என்று வைத்துத் திட்டம் போட்டிருக்கிறோம். அரங்கம் ஒரு நாள்தான் கிடைக்கும்: காலையில் உள்ளே போய் செட் போட்டு, சாயங்காலம் ஆட்டம், இரவே காலி. நடிகர்கள் இருவரும் முப்பதுகளில் இருப்பவர்கள். இரண்டு விஷயத்தில் குழுவுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. 20 நாற்காலி நிஜம், மீதியைத் திரையில் புரொஜெக்‌ஷனாகக் காட்டலாமா? பேச்சாளரை ஆளாக வைக்காமல், வீடியோ காலில் உறைந்துபோன முகமாக டிவியில் காட்டலாமா?

திரைக்குப்பின்:
புரொஜெக்‌ஷன் வேண்டவே வேண்டாம். இந்த நாடகத்துக்குக் கதை வசனத்தில் இல்லை, நாற்காலிப் போக்குவரத்தில் இருக்கிறது. முதல் மேடையேற்றத்தின் இயக்குநர் சில்வான் தோமுக்கு அயனெஸ்கோ எழுதிய கடிதத்திலேயே, நாடகத்தின் பொருள் கிழவரின் செய்தி அல்ல, அந்தத் தம்பதியின் தோல்வியும் அல்ல, நாற்காலிகள்தான் என்று சொல்லிவிட்டார். ஆள் இல்லாத இடம் பெருகிப் பெருகி இருக்கிற இரண்டு பேரையும் ஓரத்துக்குத் தள்ளவேண்டும். திரையில் தெரியும் நாற்காலிக்கு எடை கிடையாது, அது யாரையும் தள்ளாது. அதைத் தூக்கி யாருக்கும் மூச்சு வாங்காது.

குறைந்தது 40 வையுங்கள். உங்கள் மேடையில் தாராளமாக நிற்கும். கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலி சுமார் 55 செ.மீ. அகலம். வரிசைக்கு 8 போட்டால் 4.4 மீட்டர், அதாவது பதினாலரை அடி. வரிசைக்கு வரிசை 75 செ.மீ. விட்டால் ஐந்து வரிசைக்குப் பன்னிரண்டரை அடி ஆழம். நடுவில் 2 அடிப் பாதை, இரு ஓரத்திலும் இரண்டரை அடி. மொத்தம் இருபத்தொன்றரை அடிதான் ஆகிறது. மீதி இடம் கதவுக்கும் ஜன்னலுக்கும்.

நாற்காலிகளின் முதுகு பார்வையாளர்கள் பக்கம் இருக்கட்டும், பேச்சாளர் மேடை பின்னால். அப்போது அரங்கத்து இருக்கைகளின் தொடர்ச்சியாகவே மேடை நாற்காலிகள் தெரியும். முதுகு 80 செ.மீ. உயரம்தான் என்பதால் நடிகர்களின் கால் மறையுமே தவிர முகம் மறையாது.

அல்சூர்_மேடை:
நன்றி சார். 40 என்றால் இரண்டு பேர் தூக்கி முடிப்பார்களா? எவ்வளவு நேரத்தில்?

திரைக்குப்பின்:
முடிப்பார்கள். ஆனால் அதை எண்ணிக்கையாகத் திட்டம் போடவேண்டும், ரிகர்சலில் தானாக அமையும் என்று விட்டுவிடக்கூடாது.

2 நாற்காலி தொடக்கத்திலேயே மேடையில். முதல் விருந்தாளிகளுக்கு 5. இந்த ஐந்தும் ஒவ்வொன்றும் ஒரு உபசாரம்: துடைத்து, திசை பார்த்து, “உட்காருங்கோ” சொல்லி, அவர் உட்கார்ந்த பிறகுதான் அடுத்தது. அதன்பின் 8, இருபது விநாடிக்கு ஒன்று. பிறகு 25, ஐந்தாறு விநாடிக்கு ஒன்று, இரண்டரை நிமிடத்துக்குள். கூட்டினால் 40.

ஐந்து விநாடி எப்படிச் சாத்தியம்? கதவிலிருந்து இடத்துக்குச் சராசரி 5 மீட்டர், போய்வர 10. வேக நடையில் விநாடிக்கு ஒன்றரை மீட்டர் போட்டால் ஏழு விநாடி, வாங்கவும் வைக்கவும் மூன்று, ஆக பத்து. இருவர் மாறி மாறி வந்தால் ஐந்துக்கு ஒன்று. இதற்குமேல் வேகம் வேண்டுமானால் ஓடச்சொல்லாதீர்கள். கடைசி ஏழெட்டு நாற்காலியைக் கதவுக்குப் பக்கத்து இடங்களுக்கு ஒதுக்குங்கள். தூரம் குறைந்தால் வேகம் தானே ஏறும், பார்ப்பவருக்கு அவர்கள் பறப்பதுபோலத் தெரியும். அதாவது, நடுவரிசையை முதலில் நிரப்பி ஓரத்தைக் கடைசியில் நிரப்ப வேண்டும். பலர் முன்வரிசையிலிருந்து வரிசையாக நிரப்பிக்கொண்டு போகிறார்கள். பாதையே அடைபட்டு, உச்சத்தில் ஆள் சிக்கிக்கொள்வார்.

வேகம் ஏற்றப் பழக ஆதி தாளம் போதும். ஓர் ஆவர்த்தனத்துக்கு, அதாவது எட்டு அட்சரச் சுற்றுக்கு, ஒரு நாற்காலி. நிமிடத்துக்கு 60 அட்சரத்தில் எட்டு விநாடி, 90-க்குப் போனால் ஐந்தே கால். ஒருவர் உட்கார்ந்து கையால் போட்டுக்கொண்டிருந்தாலே நடிகர்களுக்கு உடம்பில் ஏறிவிடும். ஒளி, ஒலியோடு செய்யும் டெக் ரிகர்சலுக்கு முன் தாளத்தை நிறுத்திவிடுங்கள்.

நாற்காலி பற்றி: வாடகைக்கு ஷாமியானா கடையில் எடுக்கும்போது எல்லாம் ஒரே மாடல் வேண்டும் என்று கேட்டு, கடையிலேயே அடுக்கிப் பாருங்கள். கலந்து கொடுத்தால் ஒன்றுக்குள் ஒன்று இறுகி ஒரு கையால் உருவ முடியாது. பத்தை அடுக்கினால் நெஞ்சுயரம் தாண்டும், மேலிருந்து எடுக்கத் தோள் உயர்த்த வேண்டும். நான்குக்கு மேல் அடுக்காதீர்கள். இருக்கைக்கும் இருக்கைக்கும் நடுவே ஒரு துண்டுத் தெர்மோகோல் வைத்தால் ஒட்டாது. ஒவ்வொன்றையும் கவிழ்த்து, பின்கால் இருக்கையோடு சேரும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தால் விரிசல், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உதிரியாக ஆறு அதிகம் எடுங்கள். வழுக்கும் மரத்தரையில் பின்கால் விரிந்து ஆள் சாயும். காலுக்கு ரப்பர் புஷ் போட்டால் அதுவும் நிற்கும், கிறீச் சத்தமும் போகும். ரிகர்சலுக்கு ஆரம்பத்தில் பன்னிரண்டு போதும், கடைசி இரண்டு வாரம் நாற்பதும் வேண்டும்.

நடிப்புக்கூடம்:
திரைக்குப்பின் அண்ணன் சொன்ன கணக்கோடு நடிகர்கள் பக்கத்தையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முப்பதுகளில் இருப்பது குறையே இல்லை. 1952-ல் பாரிஸில் லான்க்ரி அரங்கில் முதலில் போட்டபோது கிழவியாக நடித்த சில்லா ஷெல்டனுக்கு 32 வயதுதான். முதுமையை முதுகில் காட்டவேண்டாம். கூன் போட்டபடி இருபது தரம் இரண்டரைக் கிலோ தூக்கினால் மூன்றாவது ஆட்டத்தில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். கழுத்திலும் பாதத்திலும் காட்டுங்கள்: தலை சற்று முன்னால், பாதம் தரையை விட்டு அதிகம் எழாமல். தூக்கும்போது முழங்கை விலாவை ஒட்டி இருக்கட்டும்.

கண்ணுக்குத் தெரியாத விருந்தாளிதான் பெரிய வேலை. இரண்டு வாரம் நிஜ ஆட்களை உட்கார வைத்து ஒத்திகை பாருங்கள். வசனம் பேசாமல் வந்து, உட்கார்ந்து, இடம் மாறி உட்காரும் ஆட்கள். பிறகு ஒவ்வொருவராக எடுத்துவிடுங்கள். கர்னலுக்கு நிற்கும்போது கண் 5 அடி 4 அங்குலத்தில், உட்கார்ந்தால் சுமார் 4 அடியில். ஒரு கம்பில் டேப் ஒட்டி அந்த உயரத்தைக் குறியுங்கள். கிழவர் ஒரு இடத்தையும் கிழவி அதற்கு அரை அடி மேலேயும் பார்த்தால் பார்வையாளர்களுக்குக் காரணம் தெரியாது, ஆனால் விருந்தாளி செத்துவிடுவார். ஒத்திகையில் இருவரையும் உறையச் சொல்லி, இருவர் மூக்கிலிருந்தும் நூல் பிடித்துப் பாருங்கள். இரண்டு நூலும் ஒரே புள்ளியில் சேரவேண்டும். கை குலுக்கியபின் கையை உடனே இறக்குவதும் பொதுவான தவறு. எதிராளி கையை விடும் அந்த அரை விநாடியையும் நடிக்கவேண்டும். காலி நாற்காலியின் ஊடாக நடக்காமல் சுற்றிப்போவதும் அப்படித்தான். ஒரு தடவை மறந்து ஊடே போனால் அதுவரை கட்டியது போச்சு.

உடை. கிழவிக்குப் புடவை என்றால் கவனம். நாற்காலிக் கால் கொசுவத்தில் ஏறி நின்றுவிடும், கைப்பிடி முந்தானையைக் கொக்கிபோல இழுக்கும். கணுக்காலுக்கு இரண்டு அங்குலம் மேலே கட்டி, கொசுவத்தை உள்பாவாடையோடு முழங்கால் உயரத்தில் ஒரு பின் போட்டு, முந்தானையைச் சுற்றி இடுப்பில் செருகுங்கள். கைத்தறிப் பருத்தி நல்லது. சிந்தெடிக் வழுக்கி அவிழும், பட்டு சரசரக்கும், மைக்கில் விழும். கிழவருக்கு ஒட்டிக்கோ வேட்டி. நரைக்காகத் தலைக்கு டால்கம் பவுடர் போடாதீர்கள், வேகப் பகுதி முடிவதற்குள் வியர்வையில் நெற்றிக்கு வழிந்துவிடும்.

வேகப் பகுதி முடிந்ததும் உடனே நீளமான வசனம் வைத்திருக்கிறீர்களா? மூச்சு வாங்குவதை மறைக்கவேண்டாம். இங்கே நிஜ மூச்சு வருவதற்காகத்தான் 40 நாற்காலி.

ஆர்கேபுரம்_வாசகி:
தழுவல் பற்றிச் சில குறிப்புகள், டெல்லியிலிருந்து.

தீவை வெள்ளத்துக்கு மாற்றியது நல்ல முடிவு. மூலத்தில் தண்ணீர் வெறும் பின்னணி இல்லை. விருந்தாளிகள் படகில் வருகிறார்கள், முடிவில் இருவரும் ஜன்னல் வழியே குதிக்கிறார்கள். உங்கள் இடத்தில் இரண்டும் நிற்கும். கர்னலையும் மாற்றவேண்டியதில்லை. அல்சூர் ஏரிக்கரையில் ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸின் மையம் இருக்கும் ஊரில், ஓய்வுபெற்ற தமிழ்க் கர்னல் ஒருவர் விருந்துக்கு வருவது இயல்பு. மூலத்தில் கிழவி கூட்டத்துக்கு நடுவே நிகழ்ச்சி நிரலும் ஐஸ்கிரீமும் மிட்டாயும் விற்பாள். சபா இடைவேளைபோல வேர்க்கடலையும் பாதாம் பாலும் விற்கட்டும். நாற்காலி வேகத்துக்கு இடையில் அந்தக் கூவல் ஒரு தாளத்தையும் கொடுக்கும்.

சக்கரவர்த்தியை மட்டும் தயவுசெய்து முதலமைச்சராகவோ கம்பெனிச் சேர்மனாகவோ ஆக்காதீர்கள். வெள்ளம், பெங்களூர், அபார்ட்மென்ட் என்று வந்ததும் கை அங்கேதான் போகும். ஏரிகளை இணைக்கும் மழைநீர்க் கால்வாய்களான ராஜகாலுவேக்களை அடைத்துக் கட்டினார்கள் என்கிற உண்மையான கோபமும் இருக்கிறது. அந்தக் கோபத்துக்கு வேறொரு நாடகம் எழுதலாம். இதில் ஒரு பதவியின் பெயரைச் சொன்ன கணத்தில், வராதவர் யார் என்பது தெரிந்துவிடும். தெரிந்தால் அந்த நாற்காலி காலியாக இருப்பதன் கனம் போய்விடும். “மாமன்னர்” என்றே இருக்கட்டும். 95 வயதுக்காரர் வாயில் அது பொருந்தும்.

முதல் மேடையேற்றத்தில் பேச்சாளரின் உளறலோடு திரை விழுந்தது, கரும்பலகையை விட்டுவிட்டார்கள். அச்சில் வந்த முடிவு வேறு: அவர் பலகையில் அரைகுறை எழுத்து எழுதிவிட்டுப் போகிறார், பின்பு காலி நாற்காலிகளிலிருந்து முதல்முறையாக மனித ஒலி கேட்கிறது. சிரிப்பு, முணுமுணுப்பு, இருமல். இரண்டில் எது என்று முதலிலேயே முடிவெடுங்கள், அதைப் பொறுத்துத்தான் ஒலியும் ஒளியும்.

மாட்டுங்காக்காரன்:
மும்பைக்குக் கொண்டுவரும் எண்ணம் இருந்தால் ஒன்று. மகாராஷ்டிராவில் நாடகப் பிரதியை நாடகத் தணிக்கை வாரியமான ரங்கபூமி பிரயோக் பரிநிரீட்சண் மண்டலிடம் கொடுத்துச் சான்று வாங்கவேண்டும், தமிழ் நாடகமானாலும். பிரதியோடு சுருக்கமும் வைத்து, தேதிக்குப் பல வாரம் முன்பே கொடுங்கள்.

ஜுஹு பிருத்வி மாதிரி மூன்று பக்கமும் ஆட்கள் உட்காரும் மேடையில் போட்டால் நாற்காலி வரிசைக் கணக்கே மாறும். பக்கத்து ஆட்களுக்கு ஐந்து வரிசையும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒரே வரிசையாகத் தெரியும். அங்கே நேர் வரிசை வேண்டாம், அரைவட்டமாகப் போடுங்கள்.

இன்னொன்று, உரிமை. அயனெஸ்கோ காலமானது 1994. நம் சட்டப்படி ஆசிரியர் இறந்த மறு ஆண்டிலிருந்து 60 ஆண்டு, அதாவது 2054 முடியும்வரை பதிப்புரிமை உண்டு. அனுமதி கேட்டாச்சா?

அல்சூர்_மேடை:
கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம். மொழிபெயர்ப்பு என்று கேட்பதா, தழுவல் என்று கேட்பதா?

மாட்டுங்காக்காரன்:
தழுவல் என்றே கேளுங்கள். இடமாற்றம், சேர்த்த வசனம், எத்தனை ஆட்டம், எத்தனை இருக்கை, டிக்கெட் விலை எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதுங்கள். பிரெஞ்சு மூலத்தின் பதிப்பாளர் காலிமார், அங்கிருந்து தொடங்கலாம். ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்திருந்தால் அந்த ஆங்கில மொழிபெயர்ப்புக்கும் தனி உரிமை இருக்கும், அதையும் கேட்கவேண்டும். பதில் வரும்வரை அரங்கத்துக்கு முன்பணம் கட்டாதீர்கள். பேச்சாளரை டிவியாக மாற்றுவது போன்ற பெரிய மாற்றத்தைக் கடிதத்தில் மறைத்துவிட்டுப் பின்னால் செய்வது ஆபத்து.

ஒளிவட்டம்:
ஒளி. வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி நாற்பதும் சேர்ந்தால் பெரிய கண்ணாடி மாதிரி. எல்.இ.டி. பார் விளக்கு நேராக அடித்தால் நீலம் பாய்ந்து, நடிகர் முகத்தைவிட நாற்காலி பளிச்சென்று தெரியும். கிடைத்தால் பழுப்போ மெரூனோ எடுங்கள். வெள்ளைதான் என்றால் ஈரத் துணியில் குளியல் சோப்பைத் தேய்த்து நாற்காலியில் ஒரு பூச்சு கொடுங்கள், காய்ந்ததும் பளபளப்பு மங்கிவிடும், கழுவினால் போய்விடும், வாடகைக்காரரும் ஒன்றும் சொல்லமாட்டார். நடிகர் உட்காரும் இரண்டு நாற்காலிக்கு மட்டும் பூசாதீர்கள், வழுக்கும்.

மூலத்தில் ஒளிக்கு ஒரு வளைவு உண்டு: மங்கலாகத் தொடங்கி, சக்கரவர்த்தி வரும்போது உச்சம், இருவரும் போனபின் மறுபடி தொடக்கத்து மங்கல். உங்கள் கதையில் மின்சாரம் இல்லை என்பதால் தொடக்கம் எளிது: எமர்ஜென்சி விளக்கு ஒன்று, ஜன்னலில் மழைநாள் சாம்பல் வெளிச்சம். உச்சத்துக்கு நடுக் கதவுக்குப் பின்னால் ஆறடி தள்ளி, ஏழடி உயரத்தில் 1000 வாட் ஃப்ரெனல் (லென்ஸ் வைத்த மேடை விளக்கு) இரண்டு வைத்து, எட்டு விநாடியில் ஏற்றுங்கள். பின்னாலிருந்து வருவதால் நாற்காலி முதுகுகளின் நிழல் பார்வையாளர் பக்கம் நீண்டு விழும். அதற்குத்தான் இந்தக் கோணம், முன்னாலிருந்து எவ்வளவு வாட் அடித்தாலும் இது கிடைக்காது. கதவின் மேல்சட்டம் ஏழரை அடியாவது இருக்கட்டும், இல்லாவிட்டால் சட்டம் ஒளியின் மேல்பகுதியை வெட்டிவிடும்.

மின்சுமையையும் பாருங்கள். 1000 வாட் பன்னிரண்டு போட்டால் 12 கிலோவாட், 230 வோல்ட்டில் 52 ஆம்பியர். ஒரே ஃபேஸில் மாட்டாமல் மூன்றுக்கும் பிரித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். புகை வேண்டுமானால் ஹேஸ் (மெல்லிய புகைமூட்டம்) பயன்படுத்த அனுமதி உண்டா என்று அரங்கத்தில் முன்பே கேளுங்கள், புகை உணர்வான் அலறினால் ஆட்டம் நின்றுவிடும்.

ஒலிப்பலகை:
நாற்காலியிலிருந்து வரும் கூட்ட ஒலிக்கு, நாற்காலி அடியில் புளூடூத் ஸ்பீக்கர் ஒட்டலாமா என்று யாராவது யோசிப்பார்கள். வேண்டாம். ஒரே நேரத்தில் ஐந்தாறு ஜோடி சேராது, ஒவ்வொன்றும் நூறு இருநூறு மில்லி விநாடி பின்தங்கும், அரங்கத்தில் முந்நூறு ஃபோன் இருக்கும்போது இணைப்பு அறுந்துகொண்டே இருக்கும். பேச்சாளர் மேடையின் அடியில் வயரோடு இரண்டு, இரண்டு ஜன்னல் திண்டுக்கும் கீழே ஒவ்வொன்று, ஆக நான்கு சிறிய ஸ்பீக்கர். மேடைத்தரை உயரத்தில் இருந்தால் ஒலி நாற்காலிகளுக்குள்ளிருந்து வருவதாகவே காது எடுத்துக்கொள்ளும். அரங்கத்தின் பெரிய ஸ்பீக்கரில் ஒரு துளிகூடப் போடாதீர்கள்.

பதிவு செய்ய 15 பேர் ஒரு அறையில் போதும், மூன்று தடவை வெவ்வேறு இடத்தில் உட்கார வைத்துப் பதிந்து அடுக்குங்கள். புரியும் சொல் ஒன்றுகூட வரக்கூடாது. கேட்பவர் காது அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு மீதியை விட்டுவிடும். இருமல், நாற்காலி நகர்வு, செருப்புச் சத்தம், வளையல். கேட்காத அளவிலிருந்து தொண்ணூறு விநாடியில் ஏற்றுங்கள். பார்வையாளர்கள் எழுந்து போகும்வரை ஓடட்டும் என்பதுதான் மூலத்தின் நோக்கம். இதற்கு அரங்க ஊழியர்களிடம் முன்கூட்டியே சொல்லவேண்டும், இல்லாவிட்டால் முதல் கைதட்டலுக்கே ஹால் விளக்கைப் போட்டு ஒலியை நிறுத்திவிடுவார்கள். நடிகர் வணக்கமும் கூடாது.

ஜே.பி. நகர் ரங்க சங்கராவில் போட்டால் அங்கே நேரம் தவறினால் யாரையும் உள்ளே விடமாட்டார்கள். இந்த நாடகத்துக்கு அது வரப்பிரசாதம். பாதி ஆட்டத்தில் நிஜ ஆள் ஒருவர் குனிந்தபடி வந்து காலி நாற்காலி தேடினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

வெள்ளத்துக்குத் தொடர்ந்து அலைச் சத்தம் போடவேண்டாம். நின்ற தண்ணீரில் அலை இல்லை. தூரத்தில் பம்ப் மோட்டார், எப்போதாவது படகு சுவரில் உரசும் ஓசை, டிராக்டர். அதுவும் கதவு திறக்கும்போது மட்டும் கூடட்டும்.

அல்சூர்_மேடை:
நடிப்புக்கூடம் அக்கா, ஒளிவட்டம், ஒலிப்பலகை எல்லோருக்கும் நன்றி. புரொஜெக்‌ஷனைக் கைவிட்டோம், 46 நாற்காலிக்குச் சொல்லிவிடுகிறோம். பேச்சாளர் விஷயம் இன்னும் இழுபறி. குழுவில் ஒருவர் வேறு மாதிரி சொல்கிறார்: காது கேளாத, பேச முடியாத ஒருவரைச் செய்தி தோற்றுப்போனதற்கு அடையாளமாக நிறுத்துவது இன்று சரியில்லை, அவர்களுக்குச் சைகை மொழி இருக்கிறது என்று. அதனால்தான் டிவி யோசனை. இன்னொரு யோசனை: பேச்சாளர் பேசுகிறார், உதடு அசைகிறது, மைக் வேலை செய்யவில்லை.

ஆர்கேபுரம்_வாசகி:
அந்த நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, தள்ளிவிடாதீர்கள். ஆனால் டிவி அதற்குத் தீர்வு இல்லை. அதுவரை கண்ணுக்குத் தெரியாதவர்களே வந்தார்கள். கடைசியில் ஒருவர் உண்மையில் நடந்து வருகிறார், அதுதான் அதிர்ச்சி. கிழவரும் கிழவியும் அவரைத் தொட்டுப் பார்க்கவேண்டும். டிவியைத் தொட்டுப் பார்ப்பதில் ஒன்றும் இல்லை. மின்சாரம் இல்லாத கட்டடத்தில் டிவி எப்படி ஓடுகிறது என்ற கேள்வி வேறு.

ஒலிப்பலகை:
மைக் யோசனையும் நிற்காது. உதடு அசைந்து சத்தம் வராவிட்டால், அரங்கத்தின் ஒலி போய்விட்டது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். பின்வரிசையிலிருந்து “சவுண்ட்!” என்று குரல் வரும், ஆபரேட்டர் ஓடிவருவார்.

நடிப்புக்கூடம்:
அவர் காது கேட்பவராகவே இருக்கட்டும். சரளமாக, நல்ல மேடைப்பேச்சு ஏற்ற இறக்கத்தோடு, எந்த மொழியிலும் இல்லாத ஒலிகளைப் பேசட்டும். இடையிடையே கூட்டத்தைப் பார்த்துப் புன்னகை, கையமர்த்தல், கைக்குட்டையால் நெற்றி துடைத்தல், தண்ணீர் குடித்தல் எல்லாம் சரியாக இருக்கவேண்டும். ஊனம் யாருக்கும் இல்லை, செய்திதான் இல்லை. ஒரு நிபந்தனை: அது கன்னடம்போலவோ ஹிந்திபோலவோ ஒலிக்கக்கூடாது. பெங்களூரில் அது வேறு அர்த்தத்துக்கு இழுத்துப்போகும். பேச்சின் தாளத்தை மட்டும் வைத்து எழுத்து எழுத்தாக எழுதிக்கொடுங்கள், நடிகர் ஆட்டத்துக்கு ஆட்டம் புதிதாக உளறினால் தெரிந்த சொல் ஒன்று நுழைந்துவிடும்.

திரைக்குப்பின்:
அக்கா சொல்வதை வழிமொழிகிறேன். பலகை வைத்தால் வெள்ளைப் பலகையும் மார்க்கரும் வேண்டாம், ஒளியில் பளபளத்து ஐந்தாவது வரிசைக்குமேல் தெரியாது. கரும்பலகை, சாக்பீஸ். ஐம்பதடி தள்ளி இருப்பவர் சிரமமில்லாமல் படிக்க ஐந்து அங்குல எழுத்து. சாக்பீஸைத் தண்ணீரில் நனைத்து எழுதினால் எழுதும்போது மங்கலாக இருந்து காயக் காயப் பளிச்சென்று வரும், கீச்சும் இல்லை. அவர் போனபின் எழுத்து தானாகத் தெளிந்து வருவது இந்தக் காட்சிக்குப் பொருந்தும்.

மாட்டுங்காக்காரன்:
பின்னணி ஆட்கள் கதவில் நாற்காலி கொடுப்பதை மறைத்தே ஆகவேண்டுமா? லண்டன் அல்மெய்டா அரங்கில் 2022-ல் ஒமர் எலெரியன் செய்ததில் மேடைப் பணியாளரையே ஒரு பாத்திரமாக உள்ளே கொண்டுவந்து, அவரையே பேச்சாளராகவும் வைத்தார்கள். அபார்ட்மென்ட் என்றால் செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் நாற்காலி போடுவதுதானே வழக்கம்? அவர்களை வெளிப்படையாகக் காட்டினால் வேலை சுலபம், இன்றைய நிலைக்கும் பொருத்தம்.

திரைக்குப்பின்:
அங்கே அது பொருந்தியிருக்கலாம், முழு ஆட்டத்தையும் அப்படிக் கட்டியிருந்தார்கள். இங்கே வெள்ளத்தில் மாட்டிய இரண்டு முதியவர்கள் தனியாக இருக்கிறார்கள் என்பதுதான் நீங்கள் எடுத்துக்கொண்ட இடம். மூன்றாவது கை ஒன்று தெரிந்தால் அந்தத் தனிமை உடைந்துவிடும். கதவுக்குப் பின்னால் ஒவ்வொரு பக்கமும் இரண்டு பேர்: ஒருவர் அடுக்கிலிருந்து பிரிப்பார், ஒருவர் கைமாற்றுவார். வலக் கதவில் 20, இடக் கதவில் 18. கறுப்பு உடை, கறுப்புக் கையுறை, கதவுச் சட்டத்திலிருந்து இரண்டடி உள்ளே நிற்கவேண்டும். நாற்காலியின் முதுகு நடிகர் பக்கம் இருக்கும்படி கொடுங்கள். கால் பக்கம் நீட்டினால் கதவில் முட்டும்.

மாட்டுங்காக்காரன்:
எனக்கு இன்னும் முழுச் சம்மதமில்லை. ஆனால் தனிமையைப் பற்றிச் சொன்னது சரி.

அல்சூர்_மேடை:
கதவு, ஜன்னல் பற்றியும் சொல்லிவிடுங்கள் சார். பிளை பிளாட்டில், அதாவது சட்டத்தில் பிளைவுட் அடித்த மேடைச் சுவர்த் துண்டுகளில், கட்டப்போகிறோம்.

திரைக்குப்பின்:
மூலத்தில் கதவுகள் நிறைய. உங்களுக்கு ஐந்து போதும்: பக்கத்துக்கு இரண்டு, நடுவில் இரட்டைக் கதவு. நாற்காலி வரும் இரண்டு கதவும் மூன்றரை அடி அகலம். ஒரே நேரத்தில் ஆளும் நாற்காலியும் முழங்கையும் போகவேண்டும். இருபக்கமும் ஆடும் ஸ்பிரிங் கீல் போட்டால் கையில் நாற்காலியோடு முதுகாலேயே தள்ளித் திறக்கலாம். ஆனால் அந்த ஸ்பிரிங் திருப்பி அடிக்கும்போது பின்னால் வருபவர் முகத்தில் படும், அதனால் உள்ளே போக ஒரு கதவு, வெளியே வர ஒரு கதவு என்று கண்டிப்பாகப் பிரித்துவிடுங்கள். மற்ற இரண்டு கதவு அதற்குத்தான்.

8-க்கு 4 பிளாட், 6 மி.மீ. பிளை, பின்னால் 2-க்கு 1 அங்குலச் சட்டம். கதவு அடிபடும் பிளாட்டுக்கு மட்டும் பின்னால் முட்டுக்கொடுக்கும் பிரேஸ் இரண்டு, ஒவ்வொன்றின் அடியிலும் 10 கிலோ மணல் மூட்டை. 25 நாற்காலி வேகத்தில் ஓடும்போது சுவர் அதிர்ந்தால் அபார்ட்மென்ட் என்று யாரும் நம்பமாட்டார்கள். ரிகர்சல் ஹாலிலேயே இந்த இரண்டு கதவையாவது நிறுத்திவிடுங்கள். ஆட்டத்தன்று காலையில்தான் நடிகர்கள் முதன்முதலாகக் கதவைப் பார்த்தால், ஆதி தாளத்தில் பழகியதெல்லாம் வீண்.

ஜன்னல் திண்டு மூன்றடி. வெளியே இரண்டடி உயரத்தில் ஒரு தளம் போட்டு அதன்மேல் அரையடித் தடிமன் ஃபோம் மெத்தை. அப்போது குதிப்பது அரையடிதான், பார்ப்பவருக்கு மூன்று மாடி. பக்கத்துக்கு ஒருவர் நின்று கையைப் பிடிக்கவேண்டும். ஒளி இறங்கியிருக்கும், கண் பழகியிருக்காது. தளத்தின் விளிம்பில் இருளில் ஒளிரும் டேப். திண்டின் மேல்முனையை உப்புத்தாளால் தேய்த்து மழுக்குங்கள், புடவை அங்கேதான் மாட்டும். இருவரும் ஒரே நேரத்தில் குதிக்க ஒருவரையொருவர் பார்க்க முடியாது, நடுவில் 40 நாற்காலி இருக்கிறது. அதனால் குதிப்பதற்கான க்யூ (சைகை) கண்ணில் வேண்டாம், கிழவரின் கடைசி வசனத்தின் கடைசி அசைக்குப் பின் ஒரு மூச்சு என்று வையுங்கள்.

அல்சூர்_மேடை:
குறித்துக்கொண்டேன். திங்கட்கிழமை கதவு பிளாட் இரண்டுக்கும் தச்சரிடம் அளவு கொடுக்கிறோம். பேச்சாளர் ஆளாகவே வருகிறார். கடிதத்திலும் அப்படியே எழுதிவிடுகிறோம்.

ஒளிவட்டம்:
தச்சரிடம் அளவு கொடுக்கும்போது நடுக் கதவின் மேல்சட்டம் ஏழரை அடி என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். 8 அடி பிளாட்டில் மேலே அரையடிதான் மிஞ்சும், அந்த இடத்துக்கு 3-க்கு 1 அங்குலச் சட்டம் போட்டால்தான் வளையாது.